நலிந்த ரிவார்டு பாயிண்ட் கம்பெனியைப் பெரிய பார்ட்னருக்கு விற்பது எப்படி?

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் எனப் பல கடைகளுக்குப் பொதுவாக பாயிண்ட் திட்டம் நடத்தும் சென்னைக் கம்பெனி நஷ்டத்தில் ஓடினால், முதலில் அணுக வேண்டியவர் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெரிய கடையோ வங்கியோதான். திட்டம் நின்றால் கல்லாவில் சண்டை போடுவது அவர்களுடைய வாடிக்கையாளர். கனடாவின் ஏர் மைல்ஸ் திட்டம் இப்படித்தான் கைமாறியது. 2022-இல் சோபீஸ் மளிகைச் சங்கிலி விலகுவதாக அறிவித்தது. 2023 மார்ச்சில் திட்டத்தை நடத்திய லாயல்டிஒன் கம்பெனி கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. நெடுநாள் பார்ட்னரான பிஎம்ஓ வங்கி சுமார் 16 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது. முக்கியப் பார்ட்னர் விலகிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. ஆறு மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

விலையைத் தீர்மானிப்பது பாயிண்ட் பாக்கி, அதாவது வாடிக்கையாளர் இன்னும் பொருளாகவோ தள்ளுபடியாகவோ மீட்காத பாயிண்ட். 2 கோடி பாயிண்ட் நிலுவை, ஒன்றுக்கு 25 காசு என்றால் முகமதிப்பு 50 லட்சம் ரூபாய். பழைய பதிவுப்படி 60 சதவீதம்தான் மீட்கப்படும் என்றால் உண்மைச் சுமை 30 லட்சம். இதை நிரூபிக்க, ஒவ்வொரு மாதமும் வழங்கிய பாயிண்ட் பின்னர் எந்தெந்த மாதத்தில் எவ்வளவு செலவானது என்ற அட்டவணை மூன்று வருடத்துக்கு வேண்டும். அது இல்லையென்றால் வாங்குபவர் 50 லட்சத்தையே கழிப்பார். மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் மீட்பு குவிவதால், ஆனி மாதக் கணக்கை மட்டும் காட்டினால் பிறகு நம்பிக்கை போய்விடும். விற்பனைச் செய்தி கசிந்தாலும் எல்லோரும் ஒரேயடியாக மீட்க வருவார்கள், 60 சதவீதக் கணக்கு உடையும். பாயிண்ட்டுக்கென்று கடைகள் முன்கூட்டிக் கொடுத்த பணம் சம்பளத்துக்கோ வாடகைக்கோ போயிருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆடிட்டர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

ரகசியம் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் மொபைல் எண்களைக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் கடைக்காரராகவே இருக்கும்போது, தரவைப் பார்த்துவிட்டு விலகிப்போவது அவருக்கு எளிது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெயர், எண் மறைத்த தொகுப்பே ஆய்வுக்குப் போதும். வேறு யாரோடும் பேசக்கூடாது என்ற நிபந்தனைக்கு 45 நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டாவதாக ஒருவரை, பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியையாவது, பேச்சில் வைத்திருங்கள்.

பங்குகளை விற்றால் எளிது: காகிதப் பங்கு என்றால் எஸ்எச்-4 என்ற பங்கு மாற்றப் படிவம், 0.015 சதவீத முத்திரைக் கட்டணம், கையெழுத்திட்ட 60 நாளுக்குள் கம்பெனியில் ஒப்படைப்பு. பழைய வரி பாக்கிகளும் கூடவே போவதால் பெரிய வாங்குபவர் தயங்குவார். தொழிலை மட்டும் மொத்தமாக, ஸ்லம்ப் சேல் முறையில் கேட்பார். ஓடும் தொழிலாகவே மாற்றினால் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் பார்ட்னர் ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் வாங்குபவர் பேருக்கு மாற்றி எழுத வேண்டும். எந்த முறையானாலும், உரிமையாளர் மாறினால் விலகலாம் என்ற ஷரத்து எந்தெந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று முன்பே தேடிவையுங்கள்.

பலரும் மறப்பது எஸ்எம்எஸ். அனுப்புநர் பெயரும் வாசகங்களும் டிஎல்டி தளத்தில் (வணிக எஸ்எம்எஸ்களைப் பதிவு செய்யும் தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் தளம்) உங்கள் கம்பெனியின் பேரில் பதிவானவை. ஸ்லம்ப் சேலில் வாங்குபவர் தன் பேரில் பதிந்து ஒப்புதல் வாங்காமல் பழையதை நிறுத்தினால் ஓடிபி போகாது, கல்லாவில் பாயிண்ட் மீட்பு நின்றுவிடும். பழைய பதிவையும் புதிய பதிவையும் சில வாரம் சேர்ந்தே ஓடவிடுங்கள்.

விலையில் 10 முதல் 15 சதவீதத்தை ஒரு வருடம் எஸ்க்ரோவில், அதாவது மூன்றாமவர் பொறுப்பில் உள்ள கணக்கில், நிறுத்தச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து பிடிக்கக்கூடியது பாயிண்ட் பாக்கி வித்தியாசம் மட்டும் என்று எழுதி வாங்குங்கள். புதிய உரிமையாளர் மீட்பு விதியை மாற்றியதால் வரும் வித்தியாசம் உங்கள் தலையில் விழக்கூடாது. வங்கிக் கடனுக்கு நீங்கள் சொந்தமாகக் கொடுத்த ஜாமீனுக்கான விடுவிப்புக் கடிதம் பணம் வரும் அதே நாளில் கைக்கு வரவேண்டும். கடன் தீர்ந்ததும் 30 நாளுக்குள், கம்பெனிச் சொத்தின் மீதான அடமானம் தீர்ந்ததைத் தெரிவிக்கும் சிஎச்ஜி-4 படிவம் தாக்கலாக வேண்டும்.