புது மடக்குக் கத்தி: முதல் பத்து நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கத்தி கைக்கு வந்ததும் எல்லோரும் ஒரு தாளை எடுத்து இழுத்துப் பார்ப்போம். சர்ரென்று வெட்டினால் நல்ல கத்தி, பிசிறடித்தால் மட்டமான கத்தி என்று முடிவு கட்டிவிடுவோம். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் போன மாதம் எனக்கு ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தார். தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து நானும் அன்றைய பேப்பர் முழுவதையும் நாடா நாடாவாகக் கிழித்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

தாள் வெட்டுவதிலிருந்து தெரிவது, தொழிற்சாலையில் கடைசியாகச் சாணை பிடித்தவரின் கைவேலை மட்டும்தான். மட்டமான இரும்பிலும் முடி மழிக்கிற கூர் ஏற்றலாம், நாலு நாளில் அது போய்விடும். நல்ல இரும்பு சில நேரம் மழுங்கலாகவே வந்து சேரும், அரை மணி நேரம் கல்லில் தேய்த்தால் சரியாகிவிடும். முதல் நாளில் பார்க்க வேண்டியது கூர்மையை அல்ல, மடங்கும் இடத்தை. டியூப்லைட்டுக்குக் கீழே கத்தியை மூடியபடி பிடித்து, அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விரித்த பிறகு, அலகின் முதுகுப் பக்கமாகப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அச்சு ஆணி தளர்வாக இருக்கிறது. உள்தகடு நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக் வகை என்றால், தகடு எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓரத்தில் மயிரிழை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றாலும் ஆபத்து, எதிர்ப்பக்கம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து.

லாக் பிடிக்கிறதா என்று பார்க்க, கத்தியின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் நல்ல லாக்கும் கெட்டுப்போகும். மடித்த துண்டின் மேல் முதுகை வைத்து, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, நிதானமாக அழுத்திப் பார்த்தால் போதும்.

கையைக் கிழித்துக்கொள்வது பெரும்பாலும் வெட்டும்போது அல்ல, மூடும்போது. லைனர் லாக்கில் தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு வரும் வழியிலேயே இருக்கிறது. அதனால் பழகும்வரை இரண்டு கையாலும் மூடுங்கள். தகட்டைத் தள்ளி, அலகைக் கொஞ்சம் மடக்கி, கட்டைவிரலை எடுத்துவிட்டு, அப்புறம்தான் முழுதாக மூட வேண்டும். ஒரு கையால் படக் படக் என்று திறந்து மூடும் வித்தையை முதல் வாரத்தில் தொடவே வேண்டாம்.

லாக்கே இல்லாத கத்திகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897-ல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழியில் வந்த, 91 மில்லிமீட்டர் நீளமுள்ள சிவப்புக் கத்தியில் அலகை நிறுத்தி வைத்திருப்பது ஒரு வில்தகடு மட்டும்தான். பிரான்சில் 1890 வாக்கில் பிறந்த ஓப்பினெல் கத்திக்கு, திருப்பிப் பூட்டும் வளையம் வந்ததே 1955-ல்தான். லாக் இல்லை என்பதால் அது மட்டமான கத்தி ஆகிவிடாது. ஆனால் முனையால் குத்தித் துளை போடக் கூடாது. அழுத்தினால் அலகு விரல் மேலேயே மடங்கும். தேங்காய் ஓட்டை நெம்புவது, டப்பா மூடியைக் கிளப்புவது, ஸ்க்ரூ திருகுவது இதெல்லாம் எந்த மடக்குக் கத்திக்கும் ஆகாது. முனை ஒடிந்தால் பழைய வடிவம் திரும்பாது.

அடுத்தது எண்ணெய். அச்சு இறுக்கமாக இருக்கிறதே என்று நான் சமையலறைக்குப் போய் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு திறந்தது. அப்புறம் சட்டைப்பை நூலும் தெருத் தூசியும் அதில் சேர்ந்து கறுப்புப் பசையாகிவிட்டது. நல்லெண்ணெய் இதைவிட மோசம், அது தானாகவே காய்ந்து பிசுபிசுக்கும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். அச்சில் ஒரே ஒரு சொட்டு விட்டு, பத்து தடவை திறந்து மூடி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். அந்தக் கத்தியால் பழம் நறுக்குவதாக இருந்தால், அதற்கு முன்னால் அலகைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

இனி கடலோரமான எங்கள் பகுதிக்கென்றே உள்ள விஷயத்துக்கு வருகிறேன். என் கத்தியின் அலகு டி2 என்ற ஸ்டீல். அதில் குரோமியம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் அதை ஸ்டெயின்லெஸ் என்றே நினைக்கிறார்கள். ஆனால் கார்பனும் அதில் ஒன்றரை சதவீதம் வாக்கில் இருக்கிறது. அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சம் உள்ள குரோமியம் துருவை முழுசாகத் தடுக்கப் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கி வந்து, இந்தக் கத்தியாலேயே சுத்தம் செய்தேன். அலகைத் துணியில் துடைத்து மடக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் காலையில் திறக்கும்போது மணலில் தேய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அலகின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஆறேழு செம்புள்ளிகள் இருந்தன. வெளியே தெரிந்த பகுதியைத்தான் நான் துடைத்திருந்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே அப்படியே தங்கியிருந்தது.

மீனோ கடல் தண்ணீரோ பட்டால் கத்தியை விரித்தபடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவிப் பயன் இல்லை. குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் போதும். உதறிவிட்டு ஃபேன் காற்றில் விரித்தே காய வைத்து, அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரப்பிடிக் கத்தி என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அலகைக் குறடு போட்டு இழுக்க வேண்டாம். பிடியின் பின்பக்கத்தை மேசையில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். ஓப்பினெல் பிறந்த சவோய் பகுதிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

கார்பன் ஸ்டீல் அலகால் மாங்காய் நறுக்கினால் அது கறுத்துப்போகும். புளிப்பு இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் சாம்பல் நிறப் படலம் அது. துரு என்று பயந்து ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தப் படலம் அலகுக்கு ஓரளவு பாதுகாப்பு. விரலில் செந்தூளாக ஒட்டினால்தான் துரு.

கூர் குறைந்ததும் தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுப்பது நம் வழக்கம். அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவரைவிட நல்ல ஆள் இல்லை, எங்கள் வீட்டில் இன்றும் அவரிடம்தான் கொடுக்கிறோம். மடக்குக் கத்தியின் விளிம்பு தாள் மாதிரி மெலிசு. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது அந்த மெலிந்த நுனி சட்டென்று சூடேறும். பல கார்பன் ஸ்டீல் அலகுகளுக்கு செய்யும்போதே 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். விளிம்பில் நீலம் ஓடினால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டிலேயே தீட்டலாம். ஒரு பக்கம் 400 நம்பர் சொரசொரப்பும் மறுபக்கம் 1000 நம்பர் வழவழப்பும் உள்ள ஒரு கல் போதும். கோணம் எவ்வளவு என்று தெரிய ஒரு தாளின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 90 டிகிரி. மூலையைப் பாதியாக மடித்தால் 45, இன்னொரு தடவை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்து, அலகை அதில் சாய்த்துக் கையைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் எடுத்துவிடலாம். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால், நகத்தில் நூல் மாட்டுகிற மாதிரி தட்டுப்படும். விளிம்பு நெடுகப் பிசிறு வந்தால்தான் பக்கம் மாற்ற வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாமல் நாலு இழுப்புக்கு ஒருமுறை திருப்பித் திருப்பித் தேய்ப்பதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு இழுத்தால் மிச்சப் பிசிறு விழுந்துவிடும்.

கத்தியை எப்போதும் பையில் வைத்துக்கொண்டு திரிவதும் தவறுதான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கும் உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்த அளவை எட்டாது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு வண்டியை நிறுத்திச் சோதனை போடுகிற இடத்தில் ஸ்கேலை வைத்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வட சென்னைப் பையன் இடுப்பில் கத்தி என்றால் பார்க்கிறவர்கள் மனதில் என்ன வரும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பார்வை தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்காக அதை நானே வலியப் போய் அழைக்க மாட்டேன். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு இடமே இல்லை. மெட்ரோவிலும் பையை ஸ்கேனரில் போடும்போது கத்தி தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள்.

என் கத்தி இப்போது வீட்டு டூல் பாக்ஸில், விரித்துத் துடைத்து மடக்கிய நிலையில், துணியில் சுற்றி இருக்கிறது. அந்தச் செம்புள்ளிகளைத் தையல் எண்ணெயில் நனைத்த 2000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். மூன்று போய்விட்டன, மற்றவற்றின் இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் சுத்தம் செய்து முடித்ததும் அந்தக் குழிகள் இருக்கும் இடத்தைத்தான் முதலில் கழுவுகிறேன்.