விடுதி அறையில் ‘அமுக்குவான்’ வந்தால்: வெளியூரில் தங்கிப் படிப்போருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறையாக வீட்டைப் பிரிந்து விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் மாணவர்களை மிகவும் கலங்கடிக்கும் அனுபவம் ஒன்று உண்டு. நள்ளிரவில் விழிப்பு வந்த பிறகும் கை கால் அசையாமல் கிடக்க, அறையின் மூலையில் யாரோ நிற்பது போலத் தோன்றி, அந்த உருவமே கட்டிலை நெருங்கி நெஞ்சின் மேல் ஏறி அமுக்கும். கத்த நினைத்தால் குரல் எழும்பாது. பக்கத்துக் கட்டிலில் நண்பர் குறட்டை விடுவது தெளிவாகக் கேட்டாலும் அவரை அழைக்க முடியாது. ஊர்ப்பக்கங்களில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவத்தில் இதற்குத் தூக்க முடக்கம், அதாவது ஸ்லீப் பாராலிசிஸ், என்று பெயர். இதை அனுபவித்தவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு மனம் பேதலித்துவிடவும் இல்லை என்பதை அவரும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நடப்பது என்ன என்று பகலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வதுதான் இரவில் கைகொடுக்கும். உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் விவரித்த இந்தக் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் மிகுதியாக வருகின்றன. கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்தும் எழுந்து ஓடிவிடாதபடி, அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடலின் பெரும்பாலான தசைகளைச் செயலற்று வைக்கிறது. தசைகளின் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே மனம் விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், அறை தெரியும், ஆனால் உடல் அசையாது. பாதியில் நிற்கும் கனவோ கண்முன்னே உருவமாகவும் காலடி ஓசையாகவும் தொடரும். நெஞ்சு அமுங்குவதற்கும் காரணம் உண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இயங்கிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால், பயத்தில் ஆழமாக மூச்சை இழுக்க முயலும்போது அது முடியாமல் போகிறது, அந்தத் தடையே மேலே ஒரு பாரம் இருப்பதாக உணரப்படுகிறது. ஜப்பானியர் இதைக் கனஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து அமர்வதாகச் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களிலும் அதே பாரமும் அதே உருவமும் வருவதால், அதற்கான காரணத்தை உங்கள் அறையின் பழங்கதையில் தேட வேண்டியதில்லை.

அந்த நேரம் வந்துவிட்டால், முழு பலத்தையும் திரட்டி எழ முயல வேண்டாம். எழ முடியாமல் போகப் போகப் பயம் கூடும், பயம் கூடக் கூட உருவமும் வலுப்பெறும். ‘இது தூக்க முடக்கம், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். விழிகளை அசைக்க முடியும் என்பதால், உருவம் நிற்கும் திசையிலிருந்து பார்வையை விலக்குங்கள் அல்லது கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், அது போகும் போக்கிலேயே மெல்ல விட்டு, வெளிவரும் மூச்சில் கவனத்தை வையுங்கள். கால் பெருவிரலையோ சுண்டுவிரலையோ மட்டும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். அசையாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் கந்த சஷ்டி கவசத்தின் வரிகளையோ தங்கள் மார்க்கத்தின் பிரார்த்தனையையோ மனதுக்குள் சொல்வது நல்லது. மனத்துக்குப் பழகிய ஆறுதலான ஒன்றின் மேல் கவனத்தைத் திருப்புவது இந்த நேரத்தில் உண்மையாகவே உதவும்.

உடல் விடுபட்டதும் அப்படியே மறுபடி கண்ணயர்ந்துவிடக் கூடாது என்பதைப் பலரும் அறிவதில்லை. உடனே உறங்கினால் அதே நிலை மீண்டும் வரக்கூடும். எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுங்கள்.

அறைத்தோழரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோளைத் தொட்டாலோ பெயர் சொல்லி அழைத்தாலோ பெரும்பாலும் இந்தக் கட்டு விடுபடும் என்பதால், தூக்கத்தில் முனகல் கேட்டால் தொட்டு எழுப்பும்படி கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீண்டும் வராமல் தடுக்க வேண்டுமானால், உறக்கம் கெடும் விதத்தைக் கவனியுங்கள். தேர்வுக்காக இரவெல்லாம் விழித்துவிட்டு நண்பகலில் தூங்குவது, மாலைக்கு மேல் காபி குடிப்பது, நாளுக்கொரு நேரத்தில் படுப்பது, வீட்டு நினைப்பில் மனம் அலைக்கழிவது ஆகியவை எல்லாம் இதைத் தூண்டும். விடுதி வாழ்வில் இவை நான்கும் ஒன்றுசேர்வதால்தான் மாணவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. மல்லாந்து படுக்கும்போது இது கூடுதலாக வருவதால், முதுகுப்புறம் ஒரு தலையணையை வைத்து ஒருக்களித்துப் படுக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்ற முடியாதவர்கள், எழும் நேரத்தையாவது விடுமுறை நாட்களிலும் ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் நள்ளிரவில் அழுதபடி சொன்னால் அவர்கள் தூரத்தில் இருந்துகொண்டு தவித்துப்போவார்கள். விடிந்த பிறகு, நடந்ததையும் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் திருநீறு அனுப்பினாலோ தர்காவில் தாயத்து வாங்கிக் கொடுத்தாலோ மறுக்க வேண்டாம், அந்த அக்கறை பயத்தைக் குறைக்கும். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பவரிடமும், பட்டினி போடுபவரிடமும், பெரும் பணம் கேட்பவரிடமும் எந்தப் பிள்ளையையும் அழைத்துச் செல்லக் கூடாது. ஏற்கெனவே அஞ்சி நடுங்கும் ஒருவருக்கு இழைக்கப்படும் கொடுமை அது, எந்த நம்பிக்கையின் பெயராலும் அதை ஏற்க முடியாது.

எப்போதாவது ஒருமுறை வந்து போனால் மருந்து தேவையில்லை. அடிக்கடி வந்தாலோ, பயத்தால் உறங்கவே மறுக்கும் நிலை ஏற்பட்டாலோ, வகுப்பில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, பலமாகச் சிரிக்கும்போது முழங்கால்கள் துவண்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டும் நார்கோலெப்சி என்னும் உறக்க நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முழுமையாக விழித்திருக்கும் பகல் வேளையிலும் குரல்கள் கேட்டால் மனநல மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். உடலின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தாலோ, பேச்சுக் குழறல் நீடித்தாலோ அது வேறு நோய், உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனிமையும் பயமும் தாங்க முடியாமல் போனால், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் செல்லும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காபி, அமுக்கம் வந்த இரவுகள் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் சென்றால், அவர் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.