தண்ணீருக்குள் கேமராவை இறக்காமல் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு ஷாட்: ‘சன்செட் பொலிவார்ட்’ கண்ணாடி உத்தி, வீட்டுத் தொட்டியில்

1950-இல் வந்த ‘சன்செட் பொலிவார்ட்’ படத்தின் தொடக்கத்தில் ஒரு ஷாட் வரும். விடிகாலை நேரம். ஒரு மாளிகையின் நீச்சல் குளத்தில் ஒருவன் குப்புற மிதக்கிறான். நாம் குளத்தின் அடியில் கிடந்தபடி அவனை அண்ணாந்து பார்க்கிறோம். கைகள் விரிந்திருக்கின்றன, கண்கள் திறந்திருக்கின்றன. அவனுக்கும் மேலே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், போலீஸ்காரர்களும் பத்திரிகைப் படக்காரர்களும் கரையில் நின்று குனிந்து பார்க்கிறார்கள். அவர்கள் உருவம் தண்ணீரோடு சேர்ந்து நெளிகிறது.

செத்தவனே தன் கதையைச் சொல்லும் படம் இது. அதனால் உயிரோடு இருப்பவர்களை அவன் பக்கத்திலிருந்து நாம் பார்த்தே ஆக வேண்டும். பிணத்தை மட்டும் காட்டுவதென்றால் கரையிலிருந்தே எடுத்திருக்கலாம். மேலிருந்து குனியும் அந்த முகங்களுக்காகத்தான் இந்த ஷாட்டை நான் இவ்வளவு விரும்புகிறேன்.

என் குறும்படத்தில் இதே கோணம் தேவைப்பட்டது. தொட்டியில் விழுந்த ஒரு மரக் குதிரையை மூன்று பிள்ளைகள் எட்டிப் பார்க்க வேண்டும், நாம் குதிரைக்குக் கீழே இருக்க வேண்டும். முதலில் போனை வாட்டர்ப்ரூஃப் பையில் போட்டுத் தொட்டியின் அடியில் வைத்தேன். பையின் சுருக்கம் படத்தில் விழுந்தது. தண்ணீருக்குள் டச் வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒரு அடித் தண்ணீரில் குதிரை லென்ஸுக்கு மிக அருகில் வந்துவிட்டது. குதிரையின் வயிறு மட்டும் ஃப்ரேம் முழுக்க நின்றது. பிள்ளைகள் எங்கே என்றே தெரியவில்லை.

இயக்குநர் பில்லி வைல்டரின் குழுவும் முதலில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கித்தான் பார்த்தது. சரியாக வரவில்லை. அப்புறம் கலை இயக்குநர் ஜான் மீஹன் வேறு வழி செய்தார். ஒரு தொட்டியின் அடியில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தார்கள். மேலே நடிகர் வில்லியம் ஹோல்டன் மிதந்தார். போலீஸ்காரர்களுக்குப் பின்னால் விடிகாலை வானத்துக்காக மஸ்லின் துணி கட்டினார்கள். கேமரா தண்ணீருக்கு வெளியே நின்று கண்ணாடியைக் குனிந்து பார்த்தது. திரையில் நாம் பார்ப்பது அந்தப் பிம்பத்தை.

இதைத்தான் வீட்டில் செய்யப் போகிறோம்.

தேவையானவை

குறைந்தது ஒன்றரை அடி ஆழமுள்ள பிளாஸ்டிக் டப் அல்லது தொட்டி. அதற்குள் படுக்கும் அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. என்னுடையது இரண்டடிக்கு ஒன்றரை அடி. கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கும்போது ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள், தண்ணீருக்குள் கூரான ஓரம் கண்ணுக்குத் தெரியாது. அக்ரிலிக் கண்ணாடி உடையாது என்று சிலர் அதை வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. லேசாக வளைந்தாலும் முகங்கள் கோணிவிடும். ஐந்து மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடியே நல்லது.

இவை போக ஒரு டிரைபாட், பேட்டரி டார்ச் ஒன்று, வெள்ளை வேட்டி இரண்டு, ஒரு கறுப்புத் துணி. பிளக்கில் சொருகும் எந்த விளக்கையும் தொட்டி அருகே கொண்டு வராதீர்கள். பிள்ளைகள் தண்ணீருக்குள் கை விடும் இடம் அது.

படி 1: முந்தின நாளே தண்ணீர் நிரப்புங்கள்

தொட்டியின் அடியில் கறுப்புத் துணி, அதன் மேல் கண்ணாடி, அப்புறம் மெதுவாகத் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு உடனே படம் எடுக்க முயன்றால் கண்ணாடி முழுக்கக் கடுகு கடுகாகக் குமிழ் ஒட்டியிருக்கும். ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் மெல்லிய துணியால் தண்ணீருக்குள்ளேயே ஒரு முறை துடைத்தால் போதும். படப்பிடிப்பு முடிந்ததும் கண்ணாடியை அன்றே எடுத்துக் காய வையுங்கள். ஓரத்தில் தண்ணீர் புகுந்து பின்பக்க ரசம் கறுத்துவிடும்.

படி 2: கேமராவைச் சாய்த்து நிறுத்துங்கள்

நேர் மேலே நிறுத்தினால் கண்ணாடியில் கேமராவே தெரியும். அதனால் தொட்டியின் ஒரு பக்கத்தில் டிரைபாடை வைத்து, நேர் செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வாகக் கீழே பார்க்க வையுங்கள். குனிந்து பார்ப்பவர்கள் எதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். கேமரா எந்தச் சாய்வில் கண்ணாடியைப் பார்க்கிறதோ, அதே சாய்வில் ஒளி எதிர்ப் பக்கமாக மேலே போகும். அந்தப் பாதையில் பிள்ளைகளின் தலை வர வேண்டும்.

அதற்கு மேல் சாய்க்காதீர்கள். தண்ணீரின் மேற்பரப்பும் ஒரு கண்ணாடிதான். அதில் விழும் பிம்பமும் அதே திசையில் கேமராவுக்கு வரும். 30 டிகிரியில் அது மிக மங்கலாக இருக்கும், கண்ணுக்குப் படாது. சாய்வு கூடக் கூட அது பலமாகி, ஒவ்வொரு முகத்தின் மேலும் இன்னொரு வெளிறிய முகம் படியும். சாய்த்தே ஆக வேண்டுமென்றால், லென்ஸின் முன் மாட்டித் தண்ணீர்ப் பரப்பின் பிம்பத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் உதவும்.

படி 3: ஆழம். இங்கேதான் இரண்டு நாள் நான் மாட்டிக்கொண்டேன்

முதல் நாள் தண்ணீரைச் சிக்கனமாகப் பத்து சென்டிமீட்டர் மட்டும் ஊற்றினேன். ஃப்ரேமில் இரண்டு குதிரைகள்! ஒன்று மேலிருந்து தெரியும் முதுகு, இன்னொன்று கண்ணாடியில் தெரியும் வயிறு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. ஜூம் செய்தேன், இடம் மாற்றினேன், கண்ணாடியைச் சாய்த்தேன். இரண்டும் பிரியவே இல்லை. மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் தாளில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. கேமராவின் பார்வைக் கோடு தண்ணீருக்குள் நுழையும் இடம் ஒன்று. அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி மேற்பரப்புக்கு வரும் இடம் வேறு. இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் பொம்மையின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 30 டிகிரி சாய்வில் நுழையும் ஒளி தண்ணீருக்குள் முறிந்து சுமார் 22 டிகிரியில் இறங்கும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அந்தத் தூரம் எட்டு சென்டிமீட்டர்தான். என் குதிரையின் நீளமோ பதினைந்து. எப்படிப் பிரியும்?

முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றியதும் அந்தத் தூரம் 24 ஆகிவிட்டது. அசல் குதிரை ஃப்ரேமின் மேல் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. கண்ணாடியில் வயிறும் நாலு கால்களும் மட்டும் தனியாக நின்றன. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: உங்கள் பொருளின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம். பையில் போட்ட போனுக்குக் கிடைக்காத தூரமும் இப்போது கிடைத்துவிட்டது. ஒளி தண்ணீருக்குள் இறங்கி ஏறுவதால், ஒரு அடித் தொட்டியே இரண்டு அடித் தூரத்தைத் தருகிறது.

படி 4: ஃபோகஸ்

போனின் ஆட்டோஃபோகஸ் தண்ணீரில் மிதக்கும் ஒரு தூசியையோ கண்ணாடியின் ஓரத்தையோ பிடித்துக்கொள்ளும். பிம்பத்தில் தெரியும் பொம்மையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். மெயின் கேமராவில் 2எக்ஸ் வைத்தே எடுங்கள், வைட் லென்ஸ் வேண்டாம். தொட்டியின் விளிம்பு, டிரைபாடின் கால், உங்கள் செருப்பு எல்லாம் அதில் வந்துவிடும்.

படி 5: வெளிச்சம்

வெயிலில் வேண்டாம், நிழலில் எடுங்கள். பிள்ளைகளுக்குப் பின்னால், தலைக்கு மேலே சாய்வாக வரும்படி வேட்டிகளைக் கொடியில் கட்டினேன். அந்த மஸ்லின் துணி செய்த வேலையை இவை அப்படியே செய்தன, கூரை ஓடெல்லாம் மறைந்து வெறும் வானம் ஆகிவிட்டது.

வானம் பிரகாசமானதும் பொம்மை கறுத்துவிடும். மிதக்கும் பொருளின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சமே கிடையாது. டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து, கேமராவின் ஃப்ரேமுக்கு வெளியே, அடியிலிருக்கும் கண்ணாடியை நோக்கி அடியுங்கள். ஒளி எகிறி மேலே போய் வயிற்றில் விழும். நான் அடித்த முதல் தடவையில் குதிரையின் செதுக்கிய கண், அதற்குக் கீழே உரிந்திருந்த சிவப்புச் சாயம், ஒரு காலில் இருந்த உளிக் கோடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஹோல்டனின் திறந்த கண்கள் திரையில் ஏன் அப்படி உறைக்கின்றன என்பது அன்று விளங்கியது. முகம் நிழலாகப் போயிருந்தால் அது வெறும் உருவமாகத்தான் இருந்திருக்கும்.

படி 6: அலை

தண்ணீரை இரண்டு நிமிடம் அடங்க விடுங்கள். ரெக்கார்டிங் தொடங்கியதும் தொட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. முகங்கள் நெளிந்து, மெல்லத் தெளிந்து வரும். அந்தத் தெளியும் நேரம்தான் உங்கள் ஷாட். கையை உள்ளே விட்டு அலை எழுப்பினால் ஒன்றுமே தெரியாது.

இந்த இடத்தில் அந்தக் குளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் சன்செட் பொலிவார்ட் என்றாலும், படத்தின் நாயகி நார்மா டெஸ்மண்டின் மாளிகையாக வந்த வீடு லாஸ் ஏஞ்சலிஸில் வில்ஷயர் பொலிவார்டில் இருந்தது. குளம் படத்துக்காகவே தோண்டப்பட்டது. ஐந்து வருடம் கழித்து ‘ரெபெல் விதவுட் எ காஸ்’ படத்தில் அதே குளம் வறண்டு கிடக்கும், பார்த்தால் மனசு என்னவோ செய்யும். 1957-இல் வீட்டை இடித்துவிட்டார்கள். வாய்பேசாப் படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பிறகு யாரும் கூப்பிடாமல் போன ஒரு நடிகையின் வீடாக அது அந்தப் படத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த குளோரியா ஸ்வான்சனும் வாய்பேசாப் படங்களின் பெரிய நட்சத்திரம். நார்மா தன் பழைய படத்தைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் காட்சியில் ஓடுவது ஸ்வான்சன் நிஜமாகவே நடித்த ‘குவீன் கெல்லி’. அதை இயக்கிய எரிக் வான் ஸ்ட்ரோஹைம்தான் இங்கே வேலைக்காரர் மேக்ஸாக நிற்கிறார். கண்ணாடி உத்திக்காகப் படத்தைத் தேடுகிறவர்கள் அந்தக் காட்சியையும் தவற விடாதீர்கள்.

பிற்சேர்க்கை, வாசகர்கள் செய்து பார்த்த பிறகு

ஒருவர் வீட்டு மரப்பாச்சியை மிதக்க விட்டிருக்கிறார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அது செம்மரம், தண்ணீரைவிடக் கனம். பொம்மையின் முதுகில், அதாவது மேல் பக்கத்தில், ஒரு துண்டு தெர்மாகோலை ஒட்டுங்கள். கீழிருந்து பார்ப்பதால் அது தெரியாது. பொம்மையின் அகலத்தைத் தாண்டாமல் வெட்ட வேண்டும்.

இன்னொருவர் படத்தில் பிள்ளையின் பனியனில் இருந்த எழுத்துகள் திருப்பி வந்திருந்தன. கண்ணாடியில் பார்ப்பதால் இடம் வலம் மாறிவிடும். எடிட்டிங்கில் கிடைமட்டமாக ஃப்ளிப் செய்தால் சரியாகிவிடும். நடிப்பவர்களிடம் ‘வலது பக்கம் பார்’ என்று சொல்லும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்காததால் மூன்றாவது பிள்ளை எல்லா டேக்கிலும் குதிரையை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கிறாள். அந்த ஷாட்டை வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்கிறேன்.

முகங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிகின்றன என்று எழுதியவர்களுக்கு: கண்ணாடி மட்டமாகப் படுக்கவில்லை. தாழ்ந்த மூலைக்கு அடியில் ஒன்றோ இரண்டோ நாணயங்களைச் செருகிப் பாருங்கள். எனக்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதுமானதாக இருந்தது.