பிளே-ஆஃப் தோல்விக்குப் பின் தடுப்பாட்டத்தை எவ்வாறு திருத்துவது

பிளே-ஆஃப் தொடரில் (பருவ இறுதியில் ஒரே எதிரணியுடன் அடுத்தடுத்துப் பல ஆட்டங்கள் ஆடும் சுற்று) ஓர் ஆட்டத்தைத் தோற்ற கூடைப்பந்து அணிக்கு, அடுத்த ஆட்டத்துக்கு முன் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்களே கிடைக்கும். களைத்த கால்களை வைத்துக்கொண்டு முழு வேகப் பயிற்சி நடத்த இயலாது. நடந்தபடியே அவரவர் இடத்தைச் சரிபார்க்கும் ஒரு பயிற்சியும், காணொளி பார்க்கும் ஒரு கூட்டமும்தான் மிஞ்சும். ஆகவே எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்பே, எத்தனை மாற்றங்களை இந்த வீரர்கள் தாங்குவார்கள் என்று பயிற்சியாளர் முடிவு கட்டிவிட வேண்டும். என் கணக்கில் இரண்டு. மூன்றாவதைச் சேர்த்தால் முதல் இரண்டும் சேர்ந்தே கெட்டுப்போகும்.

முதல் வேலை எண்ணுவது. எதிரணி எடுத்த மொத்தப் புள்ளிகள் அதிகம் சொல்வதில்லை, ஏனெனில் வேகமான ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் தாக்குதல் வாய்ப்புகள் கூடும். எதிரணி எறிந்த ஷாட்டுகளிலிருந்து, தவறிய பந்தை அவர்களே மீட்ட எண்ணிக்கையைக் கழித்து, பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கையையும், ஃப்ரீ த்ரோக்களை (விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்கள்) 0.44 ஆல் பெருக்கி வரும் எண்ணையும் கூட்டினால், எதிரணிக்குக் கிடைத்த வாய்ப்புகள் ஏறத்தாழத் தெரிந்துவிடும். 88 ஷாட்டுகள், 12 தாக்குதல் ரீபவுண்டுகள், 14 டர்னோவர்கள், 25 ஃப்ரீ த்ரோக்கள் என்றால் 101 வாய்ப்புகள். அதில் 112 புள்ளிகள் விட்டுக்கொடுத்திருந்தால் வாய்ப்புக்கு 1.11, அதே 112 புள்ளிகள் 90 வாய்ப்புகளில் வந்திருந்தால் 1.24. முன்னதற்குச் சிறு திருத்தம் போதும், பின்னதற்குப் போதாது.

அடுத்து, அந்தப் புள்ளிகள் எந்த வழியில் வந்தன என்று பிரிக்க வேண்டும்: நம் டர்னோவரிலிருந்து எழுந்த வேகத் தாக்குதலா, தவறிய பந்தை மீட்டு எடுத்த இரண்டாம் வாய்ப்பா, ஃப்ரீ த்ரோவா, அல்லது ஐவரும் தம் இடத்தில் நின்றிருந்தபோதே விழுந்ததா. தோற்ற இரவில் எல்லோரும் தடுப்பாட்டத்தைத் திட்டுவார்கள். மறுநாள் காணொளியில் பார்த்தால், பாதிப் பிழை நம் தாக்குதலில் இருக்கும். பந்தைத் தாறுமாறாக வழங்கிப் பறிகொடுக்கும் அணிக்கு எந்தத் தடுப்பு முறையும் உதவாது. அந்நிலையில் செய்ய வேண்டிய திருத்தம், ஷாட் எழும்போதே இருவர் திரும்பி ஓட வேண்டும், அவ்விருவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே.

பிறகு அதிர்ஷ்டத்தைப் பிரித்தெடுங்கள். 40 மூன்று புள்ளி ஷாட்டுகளில் 35 விழுக்காடு விழுந்தால் 14, 45 விழுக்காடு விழுந்தால் 18. வித்தியாசம் நான்கே பந்துகள், ஆனால் 12 புள்ளிகள். எனவே ஷாட் விழுந்ததா என்று பாராமல், ஒவ்வொன்றின் அருகிலும் ‘நாம் கொடுக்க நினைத்தது’, ‘கொடுக்க நினைக்காதது’ என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். சுமாராக எறியும் ஒருவர், முகத்துக்கு நேரே கை நீட்டப்பட்ட நிலையில் ஐந்து முறை வெற்றி பெற்றிருந்தால், அதற்காகத் திட்டத்தைக் கலைப்பது வீண் பதற்றம். மாறாக, மூலையில் தனித்து நின்றவர் எட்டு முறை எறிந்து ஆறு தவறவிட்டிருந்தால், தோல்வி அங்கே நடக்கவில்லை என்றாலும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஐவரும் நின்று தடுத்தபோது விழுந்த புள்ளிகளில் பெரும்பங்கு பிக் அண்ட் ரோலில், அதாவது பந்து வைத்திருப்பவரின் தடுப்பாளரைச் சக வீரர் உடலால் மறித்துவிட்டு (இந்த மறிப்பே ஸ்கிரீன்) வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டத்தில், தொடங்கியிருக்கும். அதைத் தடுக்கும் முறை ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை விலையாகக் கேட்கிறது. ட்ராப் முறையில் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) பின்வாங்கி வளையத்தைக் காக்கிறார். ஸ்கிரீனைத் தாண்டியதும் எறியும் மூன்று புள்ளி ஷாட்டும், இடைவெளியில் நின்று எறியும் நடுத்தர ஷாட்டும் எதிரணிக்குப் போகின்றன. ஸ்விட்ச் முறையில் தடுப்பாளர்கள் ஆளை மாற்றிக்கொள்வதால் அந்த ஷாட் அடைபடுகிறது, ஆனால் குட்டையானவர் நெட்டையானவரிடமும், மெதுவானவர் வேகமானவரிடமும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெட்ஜ் முறையில் சென்டர் வெளியே பாய்ந்து வழிமறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்புவார். திரும்பும் அந்த ஒன்றிரண்டு நொடிகளே அதன் பலவீனம். இருவரும் பந்தின் மேல் விழும் பிளிட்ஸ் முறையில், முதல் பாஸ் தப்பியவுடன் பின்னால் மூவர் நால்வரைச் சமாளிக்க வேண்டும். பக்கவாட்டில் நடக்கும் பிக் அண்ட் ரோலுக்கு ஐஸ் முறை ஏற்றது: பந்தைத் தட்டி வருபவரை ஸ்கிரீன் பக்கம் போகவிடாமல் எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளுவது.

முறையையே மாற்றுவதற்கு முன், இருக்கும் முறைக்குள் செய்யக்கூடிய சிறு திருத்தங்களைத் தீர்த்துப் பார்ப்பதே நல்லது. ட்ராப்பில் நிற்கும் சென்டரை இரண்டு தப்படி மேலே கொண்டுவந்தால், எறிபவருக்குக் கிடைத்த நிதானம் போய்விடும். ஸ்கிரீனுக்கு மேலாகச் சுற்றி ஓடிய தடுப்பாளரை, தூரத்திலிருந்து எறியத் தயங்கும் எதிராளியிடம் மட்டும் அடிவழியாக, அதாவது ஸ்கிரீனுக்கும் வளையத்துக்கும் இடையே, ஓடச் சொல்லலாம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது மனிதர்: வளையத்தை நோக்கி ஓடும் எதிரணிச் சென்டரை ஒரு கணம் உடலால் மறித்துவிட்டுத் தன் ஆளிடம் விரைபவர். அவர் எந்த மூலையிலிருந்து வருகிறார் என்பதைப் பெரும்பாலான அணிகள் விதியிடம் விட்டுவிடுகின்றன. மூலையில் மூன்று புள்ளிக் கோடு வளையத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் உச்சியில் 7.24 மீட்டர், மூலையில் 6.70 மீட்டர்; சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் 6.75, 6.60. அதனால் நல்ல எறிவீரர் நிற்கும் மூலையிலிருந்து உதவிக்கு ஆள் வரக்கூடாது. எறியத் தெரியாதவரைத் தடுப்பவரிடமிருந்தே உதவி வரும்படி செய்துவிட்டால், முறை மாறாமலேயே விலை குறைந்துவிடும்.

யார் யாரைத் தடுப்பது என்ற மாற்றம் இதைவிட எளியது, வீரர்கள் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. 2015ஆம் ஆண்டு மெம்ஃபிஸுக்கு எதிரான தொடரில் 1-2 எனப் பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை, வெளியிலிருந்து எறிவதில் பலவீனரான டோனி ஆலனுக்குப் பெயரளவில் நிறுத்தியது. போகட் ஆலனை ஏறக்குறைய மறந்துவிட்டுப் பெயிண்டை (வளையத்தின் முன்னுள்ள வண்ணப் பகுதி) காத்தார்; அடுத்த மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸ் வென்றது. அதே ஆண்டின் இறுதித் தொடரிலும் 1-2 என நின்றபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் போகட்டை வெளியே உட்கார்த்தி ஆண்ட்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். 4-2 என்று தொடர் முடிந்தது. முதலில் தூணாக இருந்தவரே ஒரு மாதத்தில் வெளியே உட்கார வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். எதிராளி மாறினால் விடையும் மாறும்.

எதிரணி உங்கள் பலவீனமான தடுப்பாளரைத் தேடிப் பிடித்து ஸ்விட்சில் இழுக்கிறது என்றால், ஸ்கிரீன் வருவதற்கு முன்பே, பந்துக்கு அப்பால் நிற்கும் வலுவான தடுப்பாளர் அவருடன் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இது வாயால் பேசும் அணிக்கு மட்டுமே கைகூடும். பேசாத அணிக்கு அவரை உட்காரவைப்பதே தீர்வு.

ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பைப் பொருத்தவரை, எந்த விதியில் ஆடுகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். என்பிஏவில் 2001-02 பருவத்திலிருந்து ஜோன் அனுமதிக்கப்பட்டாலும், எவரையும் நெருங்கித் தடுக்காத ஒருவர் பெயிண்டுக்குள் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்க முடியாது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. ஒருவர் நட்சத்திர வீரரை நிழலாகத் தொடர, மற்ற நால்வர் சதுரமாக நிற்கும் பாக்ஸ் அண்ட் ஒன் முறையை, 2019 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், வாரியர்ஸின் கிளே தாம்சன் காயமடைந்து வெளியேறிய பின் டொரான்டோ அணி, வாரியர்ஸின் நட்சத்திரமான ஸ்டெஃபன் கரிக்கு எதிராகப் பயன்படுத்தியது. வாரியர்ஸின் தாக்குதல் நெடுநேரம் திணறியது. ஆனாலும் கடைசி நொடிகளில் தனித்து விடப்பட்ட இகுவடாலா மூன்று புள்ளி ஷாட் அடிக்க, ஆட்டம் வாரியர்ஸிடமே போனது. தொடரை டொரான்டோ வென்றது வேறு கதை. பருவம் முழுவதும் ஜோனே ஆடாத அணி பிளே-ஆஃபில் அதை முதன்முதலாக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டைம்-அவுட் முடிந்து வரும் இரண்டு மூன்று வாய்ப்புகளுக்கு அதிர்ச்சி வைத்தியமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தேர்ந்த இரண்டு மாற்றங்களையும் வீரர்களிடம் சேர்க்கும்போது பத்துப் பன்னிரண்டு காட்சிகளுக்கு மேல் காட்டாதீர்கள். ஒரே வீரரின் பிழைகளை அடுக்கிக் காட்டுவது அவரை மட்டுமல்ல, நாளை அவருக்கு உதவிக்கு வர வேண்டியவரையும் கலங்கடிக்கும். அவரிடம் தனியே பேசுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் களத்தில் கூவத்தக்க ஒற்றைச் சொல் வேண்டும். மாற்று வீரர்களைக் கொண்டு எதிரணியின் விருப்பமான மூன்று ஆட்டமுறைகளை நடந்தே ஓட்டச் செய்து, தொடக்க ஐவரை அந்தச் சொற்களைக் கூவவைத்துப் பழக்குங்கள். ஏன் மாற்றுகிறோம், இதில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் அவசியம். கொடுக்க நினைத்த ஷாட் ஒன்று விழுந்தவுடன் வீரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது அப்போதுதான் நிற்கும்.

எதிரணிப் பயிற்சியாளரும் சும்மா இருக்கப்போவதில்லை. நீங்கள் பிளிட்ஸ் செய்தால், அவர் நல்ல பாஸ் தரக்கூடியவரை நடுவில் நிறுத்துவார். சென்டரை மேலே ஏற்றினால், அவருக்குப் பின்னால் பந்தைத் தூக்கிப் போடச் சொல்வார். அந்த மறுமொழிக்கு உங்கள் விடை என்ன என்பதை முந்தைய நாளே தாளில் எழுதிவைத்திருங்கள். ஆட்டம் தொடங்கிய பின், மாற்றம் பலிக்கிறதா என்பதைப் புள்ளிப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் முதல் எட்டு வாய்ப்புகளையும் முன்புபோலவே ‘கொடுக்க நினைத்தது’, ‘நினைக்காதது’ என்று குறித்துக்கொண்டே வரட்டும். ஐந்துக்கு மேல் நினைத்தவையாக இருந்தால், பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்தாலும் தொடருங்கள். இல்லையென்றால் அடுத்த டைம்-அவுட்டில் பழைய முறைக்கே திரும்பிவிடுங்கள்.