நீதிபதி ஹார்லனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள்: "நம் அரசியலமைப்புச் சட்டம் நிறம் பார்க்காது." ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி வைப்பது செல்லும் என்று 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பு வந்தபோது, அவர் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதியதில் வரும் வரி அது. எனக்கும் மிகவும் பிடித்த வரி. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதரின் வாழ்க்கையை எழுதினால் தப்பும் தவறுமாகத்தான் வரும்.

முதலில் பெயர்க் குழப்பம். ஜான் மார்ஷல் என்பவர் வேறு, அவர் பழைய தலைமை நீதிபதி. அவர்மேல் இருந்த மதிப்பில்தான் ஹார்லனின் அப்பா மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். போதாததற்கு, பேரனும் இதே பெயரோடு 1955 முதல் 1971 வரை அதே நீதிமன்றத்தில் இருந்தார். நாம் பேசுகிறவர் 1877 முதல் 1911-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தவர், தலைமை நீதிபதியாக இருந்ததே இல்லை. ஆண்டைப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பையும் இவர் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது பெரிய தவறு: அடிமை முறையை இவர் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார் என்று எழுதுவது. இல்லை. 1833-ல் கென்டக்கியில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் கர்னலாகப் படை நடத்தினார் என்பது உண்மை, ஆனால் அது நாடு உடையக்கூடாது என்பதற்காக. லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தையும், அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தையும் அவர் எதிர்த்தார். போருக்குப் பின் குடியரசுக் கட்சிக்கு வந்த பிறகுதான் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டார், அதையும் ஊரறிய மேடையில் சொன்னார். இந்தப் பகுதியை மறைத்தால் அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

1896-க்கு முன்பு ஒன்றுமே நடக்காததுபோல எழுதுவதும் தவறு. விடுதிகளிலும் நாடக அரங்குகளிலும் நிறம் பார்த்து ஆளைத் தடுக்கக்கூடாது என்ற 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1883-ல் நீதிமன்றம் செல்லாது என்றது, அப்போதும் மாறுபட்டவர் இவர் ஒருவர்தான். தன் மாறுபட்ட தீர்ப்பை எழுத முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது மனைவி மல்வினா ஒரு பழைய மைக்கூட்டைத் துடைத்து, மை ஊற்றி மேசைமேல் வைத்தாராம். கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் எழுதிய தலைமை நீதிபதி டேனியின் மைக்கூடு அது! அதைப் பார்த்தபின் எழுத்து தடையில்லாமல் வந்தது என்று மனைவியே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சின்னது ஒன்று: பிளெஸ்ஸி வழக்கின் வாக்கு எட்டுக்கு ஒன்று அல்ல, ஏழுக்கு ஒன்று. நீதிபதி ப்ரூவர் அதில் கலந்துகொள்ளவில்லை. எட்டுக்கு ஒன்று என்பது 1883 வழக்கின் கணக்கு.

சரி, அந்தப் புகழ்பெற்ற வரிக்கு வருவோம். எடுத்துக்காட்டுகிறவர்கள் அதற்கு மேலும் கீழும் இருப்பதைப் படிப்பதில்லை. வெள்ளையினமே இந்த நாட்டில் மேலோங்கிய இனம், இனியும் அப்படியே இருக்கும் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்று சற்று மேலேதான் எழுதியிருக்கிறார். கீழே போனால் சீனர்களை வேற்றினம் என்று ஒதுக்கிப் பேசுகிற பத்தி வருகிறது. 1898-ல், சீனப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று நீதிமன்றம் சொன்னபோது, ஹார்லன் எதிர்ப்பக்கம் நின்றார். இதையெல்லாம் படிக்கும்போது மனசு கனக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டு எழுதக்கூடாது.

அப்புறம் 1899. ஜார்ஜியாவில் ஒரு கல்வி வாரியம் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையர் பள்ளிக்கு மட்டும் பணம் கொடுத்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அந்தத் தீர்ப்பில் மாறுபட்டவர் யாரும் இல்லை, எழுதியவர் ஹார்லன்.