ஜப்பானின் மண் தெய்வமும் நாம் செய்கிற தவறுகளும்

ஜப்பானிய மண் தெய்வத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "இது பௌத்தமா, ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவா?" என்று கேட்கிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்விதான். 1868இல் மெய்ஜி அரசு உத்தரவு போட்டு இரண்டையும் பிரித்தது, அதற்கு முன் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இரண்டும் கலந்தே கிடந்தன. கிராமத்து மண் தெய்வத்திடம் அந்த உத்தரவு பெரிதாக எடுபடவில்லை.

அங்கே ஊர்களில் நட்டிருக்கும் கல்லையே பாருங்கள். கனகாவா பக்கத்துக் கற்களில் பௌத்த சூத்திரத்தில் வரும் பூமி தேவதையான கென்ரோ ஜிஜின் பெயர் இருக்கும். ஷிகோகு தீவின் தொகுஷிமாவிலோ ஐந்து பட்டைக் கல்தூண், பட்டைக்கு ஒரு பெயராக அமதெராசு, ஓனமுச்சி, சுகுனஹிகோனா, உகானோமிதாமா, ஹனியாசுஹிமே என்று ஐந்தும் ஷின்டோ தெய்வங்கள். ஆனால் கும்பிடும் நாள் இரண்டு இடத்திலும் ஷானிச்சிதான். இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. அன்றைக்கு மண்ணைக் கிளறக் கூடாது. பெயரை வைத்து மதம் பிரிப்பதைவிட, என்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சீக்கிரம் புரியும்.

கென்ரோ ஜிஜினின் வேர் நம் பிருதிவி என்பது உண்மை. அதற்காக "அட, நம்ம பூமாதேவி!" என்று அத்தோடு முடித்துவிடாதீர்கள். அங்கே ஒரு கையில் ஈட்டியும் மறு கையில் பூக்கிண்ணமுமாக, கவசம் போட்ட ஆணாகவும் வரைகிறார்கள்.

அப்புறம், சாலையோரம் சிவப்புத் துணி கட்டி நிற்கும் மொட்டைத்தலைச் சிலை மண் தெய்வம் இல்லை. அது ஜிசோ, போதிசத்துவர். வீடு கட்டுமுன் மூங்கில் நட்டுக் கயிறு கட்டிச் செய்யும் ஜிச்சின்சாய் சடங்கும் ஷின்டோ பூசாரிக்கு மட்டும் சொந்தமில்லை, பௌத்தக் கோவில்களும் செய்து வைக்கின்றன.

இன்னொன்று டோயோ. ஒவ்வொரு பருவமும் முடிவதற்கு முன் வரும் சுமார் 18 நாள், மண்ணைத் தோண்டினால் டோக்குஜின் என்ற மண் சாமி கோபிப்பார் என்பார்கள். இந்தச் சாமி பௌத்தமும் இல்லை, ஷின்டோவும் இல்லை, ஒன்மியோடோ என்ற, நாளும் திசையும் பார்த்துச் சொல்லும் யின்-யாங் மரபிலிருந்து வந்தவர். வசந்தத்தில் அடுப்பிலும் கோடையில் வாசலிலும் இலையுதிர் காலத்தில் கிணற்றிலும் குளிர்காலத்தில் முற்றத்திலும் இருப்பாராம். அதற்காக 18 நாளும் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று நினைக்காதீர்கள், விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா? நடுவில் மாபி என்று சில நாட்கள் உண்டு, அன்று தாராளமாகத் தோண்டலாம். ஏனென்றால் மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் அன்றைக்கு டோக்குஜினை மண்ணிலிருந்து வெளியே அழைத்துப் போய்விடுகிறார்.