ஏசிக்காரரை முதல் நாளே கூப்பிடுங்கள்

எங்கள் ஊரில் ஓர் அலுவலகக் கட்டடம் எழும் வரிசை இது. இடம் வாங்கியதும் பிளான் போடுவார்கள். அப்ரூவல் வந்ததும் கான்கிரீட். தூணும் பீமும் எழுந்து, சுவர் வைத்து, முகப்புக்குக் கண்ணாடியும் ஆர்டர் கொடுத்த பிறகு எலக்ட்ரீஷியன் வருவார். பூச்சு வேலை முடியும் சமயத்தில் ஏசிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "டக்ட் எந்த வழியா சார் போகும்?" என்று கேட்பார். குளிர்காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் டக்ட். அதற்குள் எல்லாமே முடிவாகியிருக்கும். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான மின்கட்டணமும் சேர்த்துத்தான்.

கோவையில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அலுவலகம் வடிவமைப்பது என் தொழில். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சதுர அடி, எண்பது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கட்டடங்கள். பசுமைக் கட்டடம் வேண்டும் என்று வருகிறவர்கள் எடுத்தவுடன் சோலார் பேனலைப் பற்றித்தான் கேட்பார்கள். அது கடைசியில் வரட்டும். முதலில் மேலே சொன்ன வரிசையைக் கலைக்க வேண்டும்.

பிளானில் ஒரு கோடு விழுவதற்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி இத்தனை பேரை உட்காரவையுங்கள்: கட்டட வடிவமைப்பாளர், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், மின்சாரம் பார்ப்பவர், ஏசி வடிவமைப்பவர், பிளம்பிங் பார்ப்பவர், உங்கள் அலுவலகத்தின் நிர்வாகி. இவர்களோடு, கட்டடத்தைப் பிற்பாடு பராமரிக்கப்போகும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். பெரிய ஆட்கள் பேசும் இடத்தில் தனக்கென்ன வேலை என்று அவர் தயங்குவார். ஆனால், ஏசியின் வெளி யூனிட்டைக் கழுவப் போக வழி எங்கே என்று அவர் ஒருவர்தான் கேட்பார்.

இந்தக் கூட்டம் எதற்கு என்பதை ஒரே ஓர் உதாரணத்தில் காட்டிவிடலாம். ஒரு மாடியின் உயரம் 11 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் 2 அடி ஆழத்துக்கு பீம் போடுகிறார். அதற்கு அடியில் டக்டுக்கு ஓரடி. அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் 8 அடிக்கு இறங்கிவிடும். ஜன்னலின் மேல் விளிம்பும் கூடவே தாழும். பகல் வெளிச்சம், ஜன்னல் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே வரும். பத்தடியில் முடியும் ஜன்னல் 20 முதல் 25 அடிவரை வெளிச்சம் தரும். எட்டடியில் முடிவது 16 முதல் 20 அடிதான். நடுவில் உட்காருபவருக்கு நாள் முழுவதும் விளக்கு எரிய வேண்டும். எட்டடி சீலிங்கில் விசிறியும் மாட்ட முடியாது. விசிறி இல்லாமல் ஏசியை 26 டிகிரியில் வைத்தால் புழுங்கும். யாராவது ரிமோட்டை எடுத்து 22-க்கு இறக்குவார். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்யப்பட்டதும் இந்தக் கணக்கால்தான்.

மேசையில் ஐந்து நிமிடம் பேசினால் இது தீரும். டக்டை பீமுக்குக் குறுக்கே கொண்டுபோகாமல் இரண்டு பீம்களுக்கு நடுவே இணையாக ஓட்டலாம். குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில், கான்கிரீட் கொட்டும் முன்பே ஸ்லீவ் என்னும் குழாய்த் துண்டை வைத்துத் துளை விடலாம். வெளிச்சுவர் ஓரத்து பீமை மட்டும் ஸ்லாபுக்கு மேலே தூக்கி, இன்வெர்டட் பீமாகப் போடச் சொன்னால் ஜன்னல் கூரைவரை போகும். ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். விசிறியும் 26 டிகிரியும் சேர்ந்தால் யாரும் குறை சொல்வதில்லை. இதில் கூடுதல் செலவு என்று எதுவும் இல்லை. ஃபால்ஸ் சீலிங் காசு மிச்சம். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்த பிறகு இதே பேச்சைத் தொடங்கினால் மேஸ்திரி சிரிப்பார்.

வெயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கோவை ஏறத்தாழ 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் வழக்கமான இரண்டடி சன்ஷேடு நான்கடி உயர ஜன்னலில் மூன்றடியை மறைத்துவிடும். மீதி ஓரடிக்காக சன்ஷேடை முக்கால் அடி நீட்டலாம், அல்லது ஜன்னலின் குறுக்கே இன்னொரு சிறிய பட்டை போடலாம். ஆக, தெற்கு சுலபம். வடக்கில் வெயிலே வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மே மாதக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் சாய்ந்த வெயில் விழும். அங்கே பக்கவாட்டில் சிறு தடுப்புகள் வேண்டும்.

மேற்குதான் தலைவலி. சாயங்கால வெயில் தாழ்ந்து வருவதால் எத்தனை அடி சன்ஷேடு நீட்டினாலும் அதன் அடியில் புகுந்துவிடும். அதற்காக மேற்கை முழுக்க அடைத்துவிடவும் முடியாது, ஏனென்றால் எங்கள் ஊருக்குக் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் வெயிலும் சேர்ந்து வரும். நான் செய்வது இது: படிக்கட்டு, கழிப்பறை, லிஃப்ட், சர்வர் அறை, ஸ்டோர் என்று ஆள் நிலையாக உட்காராத அறைகளையெல்லாம் மேற்கில் அடுக்குவேன். அவற்றுக்கு நடுவே ஓரிரு இடங்களில் மட்டும், தரையிலிருந்து கூரைவரை ஓட்டை செங்கல் ஜாலி. காற்று அதன் வழியாக நுழைந்து, நடு முற்றத்தின் மேலே வெளியேறும். மேற்குச் சுவரை ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) கட்டினால் செங்கல் சுவரைவிட வெப்பம் பாதிக்கும் குறைவாகவே உள்ளே கடக்கும். எல்லாச் சுவருக்கும் அது தேவை என்று நான் வற்புறுத்துவதில்லை. காம்பவுண்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடம் இருந்தால் புங்கன் வையுங்கள். கோடை முற்றும் முன் இலையை உதிர்த்துவிட்டு உடனே தளிர்த்துக்கொள்ளும் மரம் அது. முகப்பில் வரிசையாக நிற்கும் அலங்காரப் பனைகளால் கட்டடத்துக்கு ஒரு சாண் நிழலும் கிடையாது.

கண்ணாடி முகப்பு கேட்கிறவர்களை அவினாசி சாலையோரம் உள்ள ஓர் அலுவலகத்துக்கு மாலை நான்கு மணிக்கு அழைத்துப்போவேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தால் நீலக் கண்ணாடி பளபளக்கும். உள்ளே கணக்குப் பிரிவில் அந்தக் கண்ணாடி முழுக்கத் தெர்மகோல் அட்டைகளை வெட்டிப் பழுப்பு டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். டேப் வெயிலில் இளகிப் பிரிந்த இடங்களில் போன வருடத்துக் காலண்டர் செருகியிருக்கிறது. ஒருவர் தன் மானிட்டருக்கு அட்டைப் பெட்டியால் குல்லா போட்டிருக்கிறார். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே எல்லா விளக்கும் எரிகிறது, ஏசி 18-ல் ஓடுகிறது. வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக்கு ஒரு விலை, அதை மறைக்கத் தெர்மகோலுக்கு ஒரு விலை, மறைத்த இருட்டுக்கு விளக்கு, அத்தனைக்கும் ஈடுகொடுக்க ஏசி. இதைப் பார்த்த பிறகு வாதம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கண்ணாடி வாங்கும்போது நிறத்தைக் கேட்காதீர்கள், இரண்டு எண்களைக் கேளுங்கள். வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு உள்ளே விடுகிறது என்பது எஸ்எச்ஜிசி. வெளிச்சத்தில் எவ்வளவு விடுகிறது என்பது விஎல்டி. சாதாரணத் தெளிந்த கண்ணாடிக்கு முதல் எண் 0.8 அளவில் இருக்கும். 2017-இல் வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி, ஈசிபிசி, எங்களைப் போன்ற வெப்பப் பகுதிகளுக்கு 0.27-ஐ உச்சவரம்பாக வைக்கிறது. 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கு வடக்குப் பக்கத்தில் சலுகை உண்டு, நமக்கு இல்லை. சுவர்ப் பரப்பில் ஜன்னல் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிதான். இணைப்பு மின்சுமை 100 கிலோவாட்டைத் தொடும் வணிகக் கட்டடங்களுக்கானது அது. அதற்குக் கீழே இருந்தாலும் இந்த எண்களைப் பின்பற்றுங்கள். நிழல் நன்றாக விழும் ஜன்னலுக்கு விலை உயர்ந்த கண்ணாடி தேவைப்படாது. அதனால்தான் சன்ஷேடை முதலில் முடிவுசெய்யச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய பஞ்சாலைகளின் ரம்பப் பல் கூரையைப் பார்த்திருப்பீர்கள். வடக்கு நோக்கிய சாய்வுக் கண்ணாடியால் அவ்வளவு பெரிய கூடத்துக்கும் சீரான வெளிச்சம் கிடைத்தது. மூடிய ஆலைக் கொட்டகை ஏதாவது வாடகைக்குக் கிடைத்தால் புதுக் கட்டடத்தை மறந்துவிடுங்கள். ஒரு மூட்டை சிமென்ட் செலவழியும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி ஏசியின் அளவு. "120 சதுர அடிக்கு ஒரு டன், பத்தாயிரத்துக்கு 83 டன்" என்று வாய்க்கணக்கில் சொல்லும் கொட்டேஷனை வாங்காதீர்கள். அது நிழலில்லாத கண்ணாடிப் பெட்டிக்கான கணக்கு. அறைவாரியாக ஹீட் லோடு, அதாவது ஏசி அகற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கைக் கேளுங்கள்: எந்தச் சுவர் எந்தத் திசை, ஜன்னல் எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை கணினி. டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்பதுகூட அதில் வரும். வெயிலைத் தடுத்து, மொட்டைமாடியைச் சரிசெய்து, எல்இடி விளக்கு போட்டால் 220 முதல் 250 சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்பது என் அனுபவம். பாதி இயந்திரம் குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் கேபிளும் கூடவே சிறுக்கும். நல்ல கண்ணாடிக்கும் ஜாலிக்கும் பணம் இங்கிருந்துதான் வருகிறது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. மூடிய மீட்டிங் அறையில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கொட்டாவி வருவது பேச்சாளரின் குற்றமில்லை. கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம்) தாண்டியிருக்கும். ஆளுக்கு 15 முதல் 20 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு அத்தனை கன அடி) புதுக்காற்று வடிகட்டி வழியாக வர ஒரு ஃபேனும் குழாயும் வையுங்கள். இதற்கும் சுவரில் துளை விடுவது முதல் கூட்டத்திலேயே பேச வேண்டிய விஷயம்.

ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரு கட்டடத்தை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான ஏசியும் மறுபாதியில் ஸ்லாபுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டும் முறையும் வைத்துப் பார்த்தது. குழாய்ப் பாதிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகப் பிடித்தது. இதைப் படித்துவிட்டு எண்பது பேர் அலுவலகத்துக்கும் அதுவே வேண்டும் என்கிறார்கள். ஈரப்பதத்தைத் தனியாக அகற்றாவிட்டால் கூரையில் வியர்த்துச் சொட்டும். அதைக் கண்காணிக்க முழுநேர ஆள் வேண்டும். உங்களிடம் அந்த ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மொட்டைமாடிதான் மேல் மாடியின் அடுப்பு. ஸ்லாபுக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் நுரை அட்டை, அதன்மேல் மழைநீர் இறங்காமல் காக்கும் வெதரிங் கோர்ஸ், அதற்கும் மேல் வெள்ளை ஓடு. இங்கேதான் சோலார் வருகிறது. பேனல்களைத் தரையோடு ஒட்டாமல் எட்டடி உயரச் சட்டத்தில் ஏற்றினால் மின்சாரமும் கிடைக்கும், மாடிக்கு நிழலும் கிடைக்கும், அடியில் உட்கார்ந்து சாப்பிடவும் இடமிருக்கும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளுக்கு நாலு யூனிட் என்று கணக்கு வையுங்கள்.

தண்ணீரில் ஆசை அதிகம், கணக்கு குறைவு. அலுவலகத்தில் ஆளுக்கு நாளுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதியின் அளவு. அதில் 20 லிட்டர் ஃப்ளஷுக்குப் போகிறது. எண்பது பேர், 300 நாள் என்றால் ஏறத்தாழ 10.8 லட்சம் லிட்டர். நாலாயிரம் சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 650 மி.மீ. மழையை வைத்துப் பார்த்தாலும் கைக்குக் கிடைப்பது இரண்டு லட்சம் லிட்டருக்குள்தான். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம், எனவே அதைச் செய்யத்தான் போகிறீர்கள். அதற்கு மேல் பயன் வேண்டுமென்றால், கை கழுவும் தண்ணீரைக் கல்வாழைப் படுகை வழியாக வடித்து ஃப்ளஷுக்கு ஏற்றுங்கள். அதற்குக் கழிப்பறைக் குழாயை இரண்டு லைனாகப் பிரிக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு முடியாது. சின்னக் கட்டடத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்டிபி இயந்திரம் வேண்டாம். ஆறு மாதத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாகக் கட்டணம். ஏசி வடிவமைப்பவருக்கு இயந்திர விலையில் இத்தனை சதவீதம் என்று பேசினால் டன்னைக் குறைக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை. குறைத்தால் அவர் வருமானம்தான் குறையும். மொத்தத் தொகையாகப் பேசுங்கள். இயந்திரம் விற்பவரும் வடிவமைப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். கடைசிக் கால் பங்குக் கட்டணத்தை நிறுத்திவைத்து, மாடிக்கு ஒரு சப்மீட்டர் வைத்து, ஒரு முழுக் கோடை ஓடிய பிறகு, சொன்ன யூனிட்டையும் வந்த யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொடுங்கள். என் கட்டணத்துக்கும் இதே நிபந்தனைதான்.